கிரிகல்பொத்த ஏறுவதற்கு முன்

தம்பி தினேஷ்,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை உங்கம்மா எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பிறகு நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை வத்தளையிலிருந்து புறப்பட்டு இங்கே அக்கரப்பத்தனைக்கு வந்து தங்குவது. சனிக்கிழமை விடிவதற்கு முன்னே வேனில் ஹோட்டன் சமவெளிக்குப் போய், வாசல் திறந்ததும் உள்ளே நுழைந்து, உலக முடிவுப் பாறை விளிம்பையும் நீர்வீழ்ச்சியையும் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போய், நீயும் ரேணுகாவும் கிரிகல்பொத்த மலை ஏறுவது. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. எந்தச் சப்பாத்து, எத்தனை போத்தல் தண்ணீர், மழைக்கு எந்தக் கோட்டு என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே கடைசியில் ஒரு வரி இருக்கிறது. "அப்பாவும் மிதுவும்: காலை 7 முதல் பின்னேரம் 3 வரை கீழே." பேத்தியின் பெயர் இருந்த அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று உங்கம்மாவிடம் சொன்னேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. பயம்.

உங்கம்மாவிடம் போனில் நீ சொன்னது எனக்கும் கேட்டது. "அப்பாகிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போனா எனக்குப் பயமே இல்லம்மா. பனிக்குள்ள அத்தனை வருஷம் லொறி ஓட்டினவரு" என்றாய். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு, முன்னால் போகிற ஆளே தெரியாத பனியில், ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில், மூன்று வருஷத்துக்கு முன்னே ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டினேன். ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் விடவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லாத பாதையில் எத்தனை தடவை பிரேக்கை மிதித்தேன் என்பது என்னோடு வந்த உதவியாளுக்குத்தான் தெரியும். "என்னாண்ணே?" என்று கேட்பான். "நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு" என்பேன். நாய் வந்ததில்லை. பனிக்குள்ளே ஒரு சின்னப் பிள்ளை கல்லின் மேல் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். கிட்டப் போனால் தேயிலைத் தூராக இருக்கும், அல்லது யாராவது வைத்துவிட்டுப் போன கொழுந்துக் கூடையாக இருக்கும். இருபத்தாறு வருஷமாக இது எனக்கு இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு ஆறு வயதில் நடந்த கதையை நீயே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாய். உன் கலியாணத்தன்று பந்தியில் உட்கார்ந்து ரேணுகாவின் சொந்தக்காரர்களிடமும் சொன்னாய். அப்பா ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார், நான் ஒரு மரையைப் பார்த்துவிட்டு, அப்பாவின் கையை உதறிவிட்டு அதன் பின்னாலேயே காட்டுக்குள் ஓடிவிட்டேன், மூன்று மணி நேரம் தேடினார்கள், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கினேன் பாருங்கள் அடி என்று. எல்லாரும் சிரித்தார்கள். அந்த மானின் கொம்பு எப்படிக் கிளைவிட்டிருந்தது என்றுகூடக் கையை விரித்துக் காட்டினாய். ரேணுகா தன் முந்தானை நுனியை உன் விரலில் சுற்றி, "இனி எங்க ஓடுறீங்கன்னு பாப்போம்" என்றாள். நான் அப்போது எழுந்து கை கழுவப் போய்விட்டேன். தம்பி, அன்றைக்கு எந்த மரையும் வரவில்லை. நீ ஓடவும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்த மாணிக்கம் மாமாவை உனக்கு நினைவிருக்கும். அவன் இப்போது இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்த மலைக்குக் கீழேதான், ஆனால் உலக முடிவைப் பார்த்ததில்லை. எங்கெங்கோ இருந்து வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நாம் பார்க்காமல் செத்துப்போவதா என்று மாணிக்கம் சொல்லிக்கொண்டே இருப்பான். முறையாகப் போகிற வழி பெரிய சுற்று. எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவு, மேக்கணக்கு என்போமே, அது முடிகிற இடத்திலிருந்து காட்டுக்குள் ஒரு பழைய பாதை இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அதில் போகக் கூடாது என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தோட்டத்து லொறியை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு மேக்கணக்கு வரைக்கும் போய், அங்கே நிறுத்திவிட்டு நடந்தோம். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உங்கம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். "அம்புட்டுத் தூரம் புள்ள தாங்குமாங்க" என்று கேட்டாள். "நான் தோள்ல தூக்கிக்கிறேன்" என்றேன். பாதி வழி தூக்கினேன். மீதி வழி நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு புகாரும் சொல்லாமல், அந்த ஈரப் புல்லில் நடந்தாய்.

பாறை விளிம்புக்குப் பக்கத்தில் வரும்போது உன் கால் ஓய்ந்துவிட்டது. "அப்பா, கொஞ்சம் குந்திக்கவா" என்றாய். அந்த நேரம் பார்த்து, முன்னால் போன மாணிக்கம் திரும்பி வந்து, "பனி ஏறுது, சுருக்க வா, இப்ப விட்டா ஒண்ணும் தெரியாது" என்று கையை ஆட்டினான். அப்போது அங்கே வேலி எதுவும் இல்லை. தூங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த விளிம்புக்குப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. பார்க்காமல் திரும்பவும் மனசு வரவில்லை. சிவப்புப் பூப் பூத்த ஒரு குட்டை மரத்துக்குக் கீழே கல் ஒன்று இருந்தது. அதில் உன்னை உட்கார வைத்து, பிஸ்கட் பக்கெட்டை மடியில் போட்டு, என் சால்வையை உன்மேல் சுற்றினேன். "அப்பா வர்ற வரைக்கும் அசையக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. சரியா" என்றேன். நீ தலையை ஆட்டினாய். ஐந்து நிமிஷம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

போய்ப் பார்த்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை. காலடியில் பூமி அப்படியே அறுந்து கீழே போயிருந்தது. அடியில் யாரோ நட்ட தேயிலை மலைகள் கைக்குட்டை அளவுக்கு இருந்தன. தெற்கே, வெகு தூரத்தில், வெயில் பட்டு ஒரு கோடு மின்னியது. மாணிக்கம் அதுதான் கடல் என்றான். நான் கடலைப் பார்த்ததில்லை. அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளத்திலிருந்து பனி புகை மாதிரி ஏறி வந்து எங்கள் முகத்தில் அடித்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் மரம் இல்லை, பாதை இல்லை, பக்கத்தில் நின்ற மாணிக்கத்தின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஓடினேன். அங்கே எல்லா மரமும் ஒரே மாதிரிக் குட்டை மரம், எல்லாக் கல்லும் ஒரே மாதிரிக் கல். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மாணிக்கம் ஒரு பக்கம் கத்தினான், நான் ஒரு பக்கம் கத்தினேன். பதிலே இல்லை. விளிம்பு எந்தப் பக்கம் என்பதும் தெரியாமல் போய்விட்டது. ஒரு தடவை புல் என்று நினைத்துக் கால் வைத்தேன், முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேற்றில் இறங்கியது. காலைப் பிடுங்கும்போது, இதே மாதிரி நீயும் எங்கேயாவது இறங்கியிருப்பாய் என்று தோன்றியது. அதைவிட மோசமாகவும் தோன்றியது. அந்தப் பள்ளத்தைச் சற்று முன்னேதான் எட்டிப் பார்த்திருந்தேன், அதனால் எனக்கு நினைக்க வேண்டியதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

இனிச் சொல்வதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. அரை மணி நேரம் தேடிய பிறகு மாணிக்கம் சொன்னான், "பாதுகாப்புக்காரங்ககிட்டப் போய்ச் சொல்லுவோம், அவங்களுக்கு எடம் தெரியும்." நான் வேண்டாம் என்றேன். அனுமதியில்லாமல் நுழைந்ததற்கு வழக்குப் போடுவார்கள். லொறியை எடுத்தது தோட்டத்துத் தொரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவை விட்டு எழுப்பிவிடுவார்கள். "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே இன்னும் ஒரு மணி நேரம் போனது. ஆறு வயதுப் பிள்ளையை அந்தக் குளிரில் வைத்துவிட்டு உன் அப்பா தன் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான், தம்பி. கடைசியில் மாணிக்கம் என்னிடம் கேட்காமலேயே போய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நரைத்த மீசை வைத்த சிங்களக் காவலர். அவரிடம் என்னை விட்டுவிட்டு, மாணிக்கம் நீர்வீழ்ச்சிப் பக்கம் தேடப் போனான்.

அந்த மனிதர் சீட்டு எங்கே, எந்த வழியாக வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. "கடைசியாகப் பிள்ளையிடம் என்ன சொன்னாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். அசையாதே, யார் கூப்பிட்டாலும் போகாதே என்று சொன்னேன் என்றேன். "அப்படியென்றால் கத்தாதே. நீ கத்துகிற சத்தம் எனக்கே பயமாக இருக்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டு நட" என்றார். அவர் என் கையைப் பிடித்து, விளிம்பிலிருந்து விலகி ஒரே நேராக நடத்தினார். எனக்கு என்ன பேசுவது என்று வரவில்லை. காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு லொறியில் ஏற்றுவதற்குச் சொல்வேனே, அதுதான் வந்தது. "ராசா, லொறி கெளம்புது. ஏறுறியா, அப்பா போகவா." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தேன். ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். எங்களுக்கு இடது பக்கம், கையெட்டும் தூரத்திலிருந்து என்று சொல்லலாம், உன் குரல் கேட்டது. "நான் இங்கதான்ப்பா இருக்கேன். அசையவே இல்ல."

அந்த மரத்தின் கீழே, அந்தக் கல்லிலேயே இருந்தாய். பிஸ்கட் பக்கெட்டைப் பிரிக்கவும் இல்லை. உதடு நீலமாகிவிட்டிருந்தது. காலில் அட்டை ஏறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அதைத் தட்டிவிடக்கூட நீ குனியவில்லை. "கூப்பிட்டது கேக்கலையாடா" என்று கேட்டேன். "கேட்டிச்சு. மாணிக்கம் மாமா கூப்பிட்டாரு. இன்னொருத்தரும் கூப்பிட்டாரு, அது யாருன்னு தெரியல" என்றாய். அந்த இன்னொருத்தர் நான். பயத்தில் என் குரல் என் பிள்ளைக்கே தெரியாத குரலாகப் போயிருந்தது. காவலர் தன் கோட்டைக் கழற்றி உனக்குப் போட்டு, மேக்கணக்குப் பாதை வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். போகும்போது என் பக்கம் திரும்பி, "நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை" என்றார்.

மாணிக்கம் திரும்பி வந்து, "எங்க இருந்தான்?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். என் வாயில் வந்தது இதுதான்: "மரை ஒண்ணப் பாத்துட்டு அது பின்னாடியே ஓடிட்டான்பா. காட்டுக்குள்ள ரொம்பத் தூரத்துல இருந்தான்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். உட்கார வைத்த இடம் எனக்கே தெரியாமல் போனது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு பொய், ஒரு ஆளிடம், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் உங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வர நேரமானதில் அவள் ஏற்கெனவே அழுது முகம் வீங்கியிருந்தது. மாணிக்கம் அந்தக் கதையை அவளிடம் சொன்னான். நான் "ஆமா, கைய உதறிட்டு ஓடிட்டான்" என்று சேர்த்துக்கொண்டேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த தேயிலைக் குச்சியை எடுத்து, அட்டை கடித்த அதே காலில் உன்னை அடித்தாள். "இனி ஓடுவியா, இனி ஓடுவியா" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல. நான் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் நீயே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். பள்ளிக்கூடத்தில் சொன்னாய், லயத்துப் பிள்ளைகளிடம் சொன்னாய். முதலில் மரை என்று மட்டும் சொன்னாய். பிறகு அதற்குக் கொம்பு வந்தது. பிறகு அது நின்று உன்னைத் திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் நீ சொல்லும்போது, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ அதை நம்பிவிட்டாய் என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த நிம்மதிதான் நான் செய்ததிலேயே கேவலமானது.

அது அத்தோடும் நிற்கவில்லை. நீ ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது உன் விஞ்ஞான ஆசிரியர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், வீட்டுக்கு வந்தார். மாணவர்களைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், தினேஷ் நன்றாக நடக்கிற பையன், அனுப்புங்கள் என்று கேட்டார். எனக்கு உடனே பனி ஞாபகம் வந்தது. அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது சேர் என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லவில்லை. "இவன் ஓடிப் போற பய சேர். சின்னதுலயே எங்களத் தவிக்க விட்டவன். நீங்க பொறுப்பெடுத்துக் கஷ்டப்படாதீங்க" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். பக்கத்து வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கிய சப்பாத்தை ஏற்கெனவே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆசிரியர் போன பிறகு அதைக் கழற்றி, மண்ணைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாய். "அப்பா சொல்றது சரிதானே, நான் ஓடினவன்தானே" என்று உங்கம்மாவிடம் சொன்னாயாம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எந்தப் பயணத்துக்கும் நீ பெயர் கொடுக்கவில்லை. இப்போது முப்பத்திரண்டு வயதில் மலை ஏறப் போகிறேன் என்று நீ இவ்வளவு ஆசையாகச் சப்பாத்து வாங்கியிருப்பதைப் பார்க்கும்போது, உன் பதினான்கு வயதை நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரிகிறது.

திட்டம் வந்த நாளிலிருந்து என்னால் தூங்க முடியவில்லை. என்னால் முடிகிறதா என்று பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பகலில் தனியாக மேக்கணக்குக்கு நடந்தேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சும் வாங்கவில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்துக்குப் போனபோது பனி இறங்கியது. சாதாரணப் பனிதான், தினமும் இறங்குவது. என்னால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. பாதையிலேயே குந்திவிட்டேன். கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் வந்து, "என்னாங்கய்யா, மயக்கமா" என்று கேட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். கால்சட்டை முழுக்க நனைந்திருந்தது. உங்கம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். அப்போது சொல்லிவிட்டேன். முழுவதையும் சொன்னேன்.

அவள் மாவுக் கையோடு அப்படியே இருந்தாள். ரொட்டி தகட்டில் கருகியது. "அன்னைக்கு அவன அடிச்சது நானு" என்றாள். "அட்டை கடிச்ச கால்ல அடிச்சேன். நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க" என்றாள். "போன்ல அவன்கிட்டச் சொல்லிர்றேன்" என்றேன். "போன்ல வேணாம். போன்ல பாதி சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிருவீங்க, உங்களத் தெரியாதா எனக்கு. எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு என்கிட்டக் குடுங்க, நான் படிச்சிட்டுத் தபால்ல போடுறேன்" என்றாள். அன்றையிலிருந்து பிளேன்டீ ஊற்றி வைக்கிறாள், சாப்பாடு வைக்கிறாள், பேச்சு இல்லை. நேற்று மட்டும், நான் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அந்த ஆசிரியர் வந்ததையும் எழுதினீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சொல்லை நான் ஒரு தடவை உனக்குச் சொன்னது போதும். ஆனால் எனக்குத் தெரிந்த பயங்களைச் சொல்லியாக வேண்டும், அவையாவது உனக்கு உபயோகப்படட்டும். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருந்தாலும் நம்பாதே, ஒன்பது பத்து மணிக்குள் பனி ஏறிவிடும். அதற்குள் விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடு. புல் பரப்பு பார்க்க மைதானம் போல இருக்கும், போட்டிருக்கிற பாதையை விட்டு ஓர் அடி இறங்காதே. கிரிகல்பொத்தப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு, பல இடத்தில் பாதை செடிக்குள் மறைந்துவிடும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். வாசலில் இருப்பவர்களிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு ஏறு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், நேரம் போய்விட்டால் திரும்பிவிடு. இன்னும் கொஞ்சம் என்று ஒருபோதும் நிற்காதே. பனி மூடிவிட்டால் நடக்காதே, இருந்த இடத்தில் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார். உதவி கேட்க வேண்டி வந்தால் முதல் நிமிஷத்திலேயே கேள், எந்தத் தப்புச் செய்துவிட்டு அங்கே நின்றாலும் கேள். மிதுவிடம் அசையாதே என்று சொல்கிறவர்கள், யாராவது கூப்பிட்டால் சத்தம் கொடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிதுவைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். அவளுக்கும் இப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் அவளை அந்த இடத்தில் என்னிடம் விட்டுவிட்டு மலை ஏறலாமா என்பதை, இதைப் படித்த பிறகு நீ முடிவு செய். ரேணுகாவுக்கும் படித்துக் காட்டு. அவள் பெற்ற பிள்ளை, அவளுக்குத் தெரியாமல் நீ முடிவு செய்வது சரியில்லை. விட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், வீட்டில் இருந்து மூன்று பேருக்கும் சமைத்து வைக்கிறேன். விடுவதாக இருந்தால், உங்கம்மாவும் எங்களோடு வர வேண்டும். அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இன்னொன்று. நீ என்மேல் கோபப்பட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். சிரித்துவிட்டு, பரவாயில்லப்பா, பழைய கதை என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. அப்படி உடனே சொல்லிவிடாதே. உனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, இன்று காலையில், ரேணுகாவின் போனிலிருந்து மிது கூப்பிட்டாள். "தாத்தா, அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போனப்புறம் நீங்களும் நானும் என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டாள். "இன்னும் தெரியலம்மா. அப்பா ஒண்ணு படிக்கணும். படிச்சிட்டு அவரு சொல்லுவாரு" என்றேன். "என்ன படிக்கணும்?" "தாத்தா அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன்." "நீளமா?" "நீளந்தான்." பிறகு, "அப்பா உங்க எழுத்த மெதுவாத்தான் படிப்பாரு தாத்தா. பரவாயில்ல, முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துல இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அப்பா